ஒரு நாழிகை வித்தியாசம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து வட்டுக்கோட்டைக்குப் போக இரண்டு வழி உண்டு. மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என்று ஊர் ஊராக நின்று போகும் உள்வழி ஒன்று. காக்கைதீவைக் கடந்து, கல்லுண்டாய் வெளியை ஊடறுத்து, கடலேரியை ஒட்டி அராலிப் பாலத்தால் ஏறும் கரைவழி மற்றது. வானத்தைப் பற்றிய கதையைத் தேடிப் போகிறவர் கரைவழியைப் பிடிப்பது நல்லது. கல்லுண்டாயில் வீடும் மரமும் அரிது. தரையும் வானமும் மட்டுமே. அந்த வெளி முடிந்ததும் வரும் அராலியில்தான் கதையின் முதல் முடிச்சு இருக்கிறது.

அராலி பனையும் வயலும் கோயில்களுமாக அமைதியாகக் கிடக்கும் ஊர். இந்த ஊரைச் சேர்ந்த இராமலிங்க முனிவர் 1667இல் எழுதியதே யாழ்ப்பாணத்தின் முதல் பஞ்சாங்கம் என்பது இங்குள்ள மரபு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோட்டையில் கொடி மாறியது. அராலியில் ஒருவர் அமாவாசையையும் பூரணையையும் கணித்துக்கொண்டிருந்தார்.

அவர் கணித்த முறைக்கு வாக்கியம் என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி அது உண்மையிலேயே வாக்கியங்களால் ஆனது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சந்திரன் ஒரு குறிப்பிட்ட நாளில் எங்கே நிற்கும் என்ற கணக்கை அந்த எழுத்துகளால் ஒரு சிறு சொற்றொடராகக் கட்டிவிட்டால், அட்டவணையைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை, மனப்பாடம் போதும். சந்திரனுக்கு அப்படி 248 வாக்கியங்கள். சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வரும் சுற்று ஏறக்குறைய இருபத்தேழரை நாள். அதை ஒன்பது தடவை எண்ணினால் 248 நாள் கிட்டத்தட்டத் துல்லியமாக வந்துவிடும். அதன்பின் அதே வாக்கியங்களை முதலிலிருந்து தொடங்கலாம்.

கூட்டல் கழித்தலுக்குத் தாளும் எழுதுகோலும் தேவைப்படவில்லை, சோழி போதும். இந்த வேலையைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்த ஓர் ஐரோப்பியர் உண்டு. ஜோன் வாரன், 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற நூலில் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகச் சொற்களைச் சொல்லிச் சொல்லி, சோழிகளை நகர்த்தியே 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் நான்கு நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடமும் முடிவு நேரத்தில் 52 நிமிடமும் தவறின. ஏடு புரட்டாமல், வானத்தைக்கூடப் பாராமல், தரையில் இருந்தபடி ஒருவர் செய்த கணக்கு அது.

அராலியில் அந்தக் கலையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாரிசு விசுவநாத சாஸ்திரியார். ‘வண்ணைக் குறவஞ்சி’, ‘நகுலமலைக் குறவஞ்சி’ ஆகியவற்றைப் பாடிய புலவரும் அவரே. நெல் விதைப்பு, கலியாணம், கோயில் கொடியேற்றம், திவசம் என்று குடாநாட்டு வாழ்வு முழுவதும் அவருடைய பஞ்சாங்கத்தின்படி நடந்தது. அந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துச் சரிபார்க்க ஒருவர் அயலூரிலேயே வந்து குடியிருப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அராலியிலிருந்து வட்டுக்கோட்டை கூப்பிடு தூரம். சந்தியைத் தாண்டியதும் யாழ்ப்பாணக் கல்லூரி வளவும், அதையடுத்துத் தடித்த சுவர்களோடு பழைய தேவாலயமும் தெரிகின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் கோயிலாகத் தொடங்கி, ஒல்லாந்தர் கைக்கு மாறி, 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு ஆங்கில அரசு விட்டுக்கொடுத்த இடம் இது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனப் பேராலயம். இந்த வளவில்தான் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியது. முதல் அதிபர் டானியேல் பூர். கல்லூரி நூலகம் இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது.

செமினறியில் யூக்கிளிட்டின் வடிவகணிதமும் தமிழ் இலக்கணமும் ஒரே வகுப்பறையில் படிப்பிக்கப்பட்டன. அவற்றோடு வானியலுக்குப் பெரிய இடம் இருந்தது. அதற்கு வெளிப்படையான ஒரு காரணம் உண்டு. மேரு மலையும் ஏழு கடலும் கொண்ட புராண உலகம் பொய் என்று மாணவர் கண்ணால் கண்டால், அதன்மேல் நிற்கும் சமயமும் ஆட்டங்காணும் என்று மிஷனரிமார் நம்பினார்கள். செமினறியின் தொலைநோக்கியும் மதம் மாற்றும் எண்ணத்தோடு கொண்டுவரப்பட்டதுதான். இதை மறைத்து எழுதினால் கதை பாதியாகிவிடும்.

1829ஆம் ஆண்டுக்கான விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தில் மார்ச் 20ஆம் தேதி ஒரு சந்திர கிரகணம் குறிக்கப்பட்டிருந்தது. பூர் அதைத் தம் கணக்கோடு ஒப்பிட்டார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 15 நிமிட வித்தியாசம். கிரகணம் நீடிக்கும் நேரத்தில் 24 நிமிட வித்தியாசம். சந்திரனில் எவ்வளவு மறையும் என்பதிலும் இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. இந்த வித்தியாசத்தை பூர் முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். யார் சொல்வது சரி என்பதை நிலாவே தீர்த்துவைக்கட்டும் என்பது அவர் போட்ட பந்தயம்.

அன்று மாலை நிலா எழுந்தது. பூரின் மணிக்கூடு வென்றது.

மிஷன் வரலாறுகள் இந்த வெற்றியைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தன. பூரின் கணக்கு சரி என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இருநூறு ஆண்டு கழித்து அந்த வளவில் நின்று பார்க்கிற ஒருவருக்கு வேறு இரண்டு விடயங்களும் தெரிய வேண்டும்.

முதலாவது: சாஸ்திரியார் பாம்பு நிலாவை விழுங்கும் என்று கணித்தவர் அல்லர். வாக்கிய முறை சித்தாந்த நூல்களின் வழிவந்தது. அதில் பூமி உருண்டை. கிரகணம் என்பது பூமியின் நிழலில் சந்திரன் நுழைவது. அந்த நிழலின் அகலத்தையும் சந்திரனின் வேகத்தையும் வைத்தே அவரும் கணித்தார், பூரும் கணித்தார். புராணம் ஒரு பக்கமும் அறிவியல் மறுபக்கமும் நின்று மோதிய நாள் அல்ல அது. வயதான ஒரு கணக்கும் புதிதாகத் திருத்தப்பட்ட ஒரு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்ட நாள்.

இரண்டாவது: 24 நிமிடம் என்பது தமிழரின் காலக் கணக்கில் சரியாக ஒரு நாழிகை. பல நூற்றாண்டுகளாக வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாத அளவைகளை வைத்துக்கொண்டு, வாய்ப்பாடமாக வந்த வாக்கியங்களைக் கொண்டு, ஒருவர் ஒரு நாழிகைக்குள் பிழைவிட்டார். அளவைகளில் இருந்த சிறு பிசகு ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து சேர்ந்து பெருகியதே காரணம். மணிக்கூட்டைத் திருத்தாமல் விட்டால் அதுவும் அப்படித்தான் ஓடும்.

இந்த உண்மையைப் பிற்பாடு மிஷனுக்குள்ளேயே ஒருவர் ஆழமாகப் புரிந்துகொண்டார். அவர் ஹென்றி ஹொய்சிங்டன். 1836 முதல் 1849 வரை செமினறியின் அதிபர். இந்துக்களின் வானியலை மறுக்க வேண்டுமானால் முதலில் அதைக் கற்க வேண்டும் என்று தொடங்கியவர், கற்கக் கற்க அதற்குள்ளேயே இறங்கிவிட்டார். 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அவருடைய ‘சோதி சாத்திரம்’ அச்சாகி வந்தது. தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விரிவான விளக்கங்களும் சேர்ந்த நூல். குடாநாட்டுப் பஞ்சாங்கக்காரர் வீட்டில் ஏட்டிலும் நினைவிலும் மட்டும் இருந்த கணக்கு, அந்த நூலால் உலகத்துக்குப் படிக்கக் கிடைத்தது. உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பிய பின்பும் அவர் நிற்கவில்லை. தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் மூன்றையும் ஆங்கிலத்தில் தந்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயவியல் கழகத்தின் ஏட்டில் வெளியாயின. பிழை கண்டுபிடிக்க வந்த பள்ளியின் தலைவர், நான்கு ஆண்டு கழித்து 1858இல் மறைந்தபோது, சைவ சித்தாந்தத்தின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவராக இருந்தார்.

கல்லூரி வளவில் நடப்பவர் ஒட்லி மண்டபத்தின் பெயரையும் கேட்பார். செமினறிக் காலத்து இலங்கைப் பிரதம நீதியரசர் சேர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயர் அது. 1848இல் இங்கு வந்து பார்த்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ற், இந்தச் செமினறி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒரே வரிசையில் வைக்கத்தக்கது என்று எழுதினார். அது முகமன் வார்த்தை அல்ல என்பதற்கு ஒன்பது ஆண்டில் சாட்சி கிடைத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: ஒருவர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் தமிழில் ‘வீசகணிதம்’ எழுதிய கறல் விசுவநாதபிள்ளை. ஆனால் அந்தப் பட்டம் கிடைப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1855இல், செமினறி மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலக் கல்வி சமய ஊழியரை உருவாக்காமல் உத்தியோகத்தரை உருவாக்குகிறது என்பது மிஷன் மேலிடத்தின் முடிவு.

இதற்குள் வானம் பார்க்கும் பழக்கம் வகுப்பறையை விட்டு வெளியே வந்திருந்தது. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழ் கிரகணம், கோள்கள், பூமியின் வடிவம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. அதன் ஆசிரியர்களும் தமிழர்களே. பூமி உருண்டையா என்று சந்திச் சந்தியாக வாதாடிய ஊர்கள் இவை.

அந்த வானத்தைத் தேடி இங்கிலாந்தின் வானியலாளர்களே வந்த நாளும் வந்தது. வட்டுக்கோட்டையிலிருந்து நகருக்குத் திரும்பி, யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளத்தில் ஏறிக் கிழக்கே பார்க்கிறவருக்கு 1871 டிசம்பர் 12ஆம் தேதிக் காலையைக் கற்பனை செய்வது கடினமல்ல. முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் அரபிக் கடலில் இறங்கி, மலபார்க் கரையிலே ஏறி, நீலகிரியையும் புதுக்கோட்டையையும் தடவிக்கொண்டு, பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் மூடிச் சென்றது. காலை வேளையில் இரண்டு நிமிட அளவுக்கு இருட்டு.

அந்தக் கிரகணத்தைப் பார்க்க வந்த ஆங்கிலக் குழுவின் தலைவர் நோர்மன் லொக்கியர். 1836இல் ரக்பி நகரில் பிறந்தவர். லண்டனில் போர் அமைச்சில் ஒரு லிகிதராக வேலை பார்த்தபடி, வீட்டில் தொலைநோக்கி வைத்துச் சூரியனைப் படித்தவர். கிரகணத்தின்போது மட்டும் தெரியும் சூரியச் சுவாலைகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் நிறமாலைமானியால் பார்க்கலாம் என்று 1868 ஒக்ரோபர் 20இல் அவர் செய்து காட்டினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 18இல் குண்டூரில் நிகழ்ந்த முழுக் கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சனும் தனியாக அதே வழியைக் கண்டிருந்தார். லொக்கியர் பார்த்த நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தவில்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயரானது. இருபத்தேழு ஆண்டு கழித்து, 1895இல், வில்லியம் ராம்சே அதைப் பூமியின் கனிமம் ஒன்றில் பிடித்தார். ‘நேச்சர்’ இதழை 1869இல் தொடங்கியவரும் லொக்கியரே.

1871இல் அவருடைய குழு காலியில் கப்பலை விட்டு இறங்கிப் பல இடங்களுக்குப் பிரிந்தது. லொக்கியர் கேரளக் கரையின் பேக்கல் கோட்டைக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் கப்டன் டப்மனும், இலங்கையின் நில அளவை அதிபதி ஃபையர்ஸும் அவர்களோடு சேர்ந்தவர்களும் கருவிகளை நாட்டினார்கள்.

அவர்கள் தேடிவந்த கேள்வி எளிமையானது. முழு மறைப்பின்போது கருத்த வட்டத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளை ஒளிக்கிரீடம் யாருடையது? சூரியனுடையதா, சந்திரனுடையதா, அல்லது பூமியின் காற்றில் விழும் வெறும் ஒளிச் சிதறலா? காற்றின் வேலை என்றால் இடத்துக்கு இடம் அதன் உருவம் மாற வேண்டும். பேக்கலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். ஒன்று மேற்குக் கரை, மற்றது பனைகள் நிற்கும் சுண்ணாம்புக்கல் தரை. இடையே தொட்டபெட்டா மலையுச்சியிலும் புகைப்படம் எடுத்தார்கள். மூன்று இடத்துப் படங்களையும் ஒப்பிட்டபோது ஒளிக்கிரீடத்தின் கதிர்களும் பிளவுகளும் ஒன்றுபோலவே இருந்தன. அது சூரியனுக்கே உரியது என்பது அதோடு உறுதிப்பட்டது. இன்று சூரிய இயற்பியல் நூல்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்த உண்மையை நிலைநாட்டிய சாட்சிகளில் யாழ்ப்பாணத்துக் காலையும் ஒன்று.

அடுத்த ஆண்டே, 1872இல், மூடிக்கிடந்த வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

அந்தக் கல்லூரி தந்த வானியலாளரைத் தேடி மறுபடி பஸ் ஏற வேண்டும். வட்டுக்கோட்டையைத் தாண்டி, பொன்னாலைப் பாலத்தில் இருபக்கமும் ஆழமற்ற கடல் மின்ன, பஸ் காரைநகருக்குள் நுழைகிறது. 1865இல் இங்கே பிறந்தவர் அலன் ஆபிரகாம். யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதமும் வானியலும் படிப்பித்தார். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதன் பாதையைத் தாமே கணித்து, அது எப்போது எங்கே தெரியும் என்று மக்களுக்கு எழுதிச் சொன்னார். பூமி வால்வெள்ளியின் வாலுக்குள் புகப்போகிறது என்று உலகெங்கும் பீதி கிளம்பியிருந்த அந்த மே மாதத்தில், யாழ்ப்பாணத்தவருக்குத் தம் ஊர் வாத்தியாரே தெளிவு சொல்லக் கிடைத்தார். லண்டனில் உள்ள ரோயல் வானியல் கழகம் 1912இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1922இல் மறைந்தார்.

இந்த இடத்தில் கோட்டுச் சித்திரம் முழுமையாகிறது. 1829இல் பூர் கணித்தார், ஊர் பார்த்தது. 1871இல் ஆங்கிலேயர் கருவியோடு வந்தார்கள், ஊர் பார்த்தது. 1910இல் கணித்தவரே காரைநகர்த் தமிழர்.

இரவு தங்க முடிந்தவர் காரைநகரின் வடகரையில் உள்ள கசூரினா கடற்கரைக்குப் போகட்டும். மேற்கே கோவளம் வெளிச்சவீடு. எதிரே வடக்கு நோக்கிய கடல். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் கடல் விளிம்புக்கு மேலே அதே பத்துப் பாகையில்தான் நிற்கும். நேரே நீட்டிய கையின் முட்டி அளவு உயரம். கையை நீட்டி, முட்டியின் கீழ்ப்பக்கத்தைக் கடல் விளிம்பில் வைத்தால் மேல்பக்கத்தில் அது இருக்கும். சித்திரை, வைகாசி இரவுகளில் பின்னால் திரும்பினால் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பாவில் இருந்து தென்சிலுவையைப் பார்க்க முடியாது. அவுஸ்திரேலியாவில் இருந்து துருவ நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது. ஒரே மணலில் நின்று இரண்டையும் பார்க்கும் பேறு இந்தக் குடாநாட்டுக்கு உண்டு. கருவி எதுவும் வேண்டாம். வெளிச்சம் இல்லாத ஓரமும் மேகம் இல்லாத இரவும் போதும்.

பஞ்சாங்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கொக்குவிலிலிருந்து வாக்கிய பஞ்சாங்கம் வருகிறது. மட்டுவிலிலிருந்து திருக்கணித பஞ்சாங்கம் வருகிறது. இரண்டும் எல்லா நாளிலும் ஒத்துப்போவதில்லை. கோயிலில் ஒரு நாள் விரதம், அயல் கோயிலில் மறுநாள் விரதம் என்று வரும்போது வீடுகளில் எழும் முதல் கேள்வி, ‘இது வாக்கியப்படியா, திருக்கணிதப்படியா?’ என்பதுதான். மரபு அளவைகளில் நிற்பது ஒன்று, வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது மற்றொன்று. 1829இல் சாஸ்திரியாருக்கும் பூருக்கும் இடையே இருந்த அதே கேள்வி இன்று இரண்டு தமிழ்ப் பஞ்சாங்கங்களுக்கு இடையே, எந்த மிஷனும் தலையிடாமல், குசினி மேசையில் பேசப்படுகிறது. சாஸ்திரியார் மரபு தோற்றுப்போய் அழிந்துவிடவில்லை. பூரின் வழியும் அந்நியமாகவே நின்றுவிடவில்லை.

குறை ஒன்றே. பிள்ளைகள் இந்த இரண்டையும் படிக்கிறார்கள், ஆனால் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகளும், படத்தில் மட்டும் கிரகணம் காட்டும் வகுப்பறைகளும் இன்னமும் உண்டு. போர் முடிந்து எட்டு மாதத்தில், 2010 ஜனவரி 15இல், தைப்பொங்கலுக்கு மறுநாள், யாழ்ப்பாணத்து நண்பகல் வானில் பத்து நிமிட அளவுக்கு நெருப்பு வளையம் நின்றது. 2019 டிசம்பர் 26 காலையில் மறுபடியும் வளையம் தெரிந்தது. பத்தே ஆண்டில் இரண்டு கங்கண கிரகணம் ஒரே ஊருக்கு வாய்ப்பது அரிது. அவற்றைப் பாதுகாப்பான கண்ணாடியால் பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்துவிட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

மூன்றாவது வாய்ப்பு வருகிறது. 2031 மே 21இல் கங்கண கிரகணத்தின் பாதை கேரளத்தையும் தமிழ்நாட்டையும் கடந்து இலங்கையின் வடமுனைக்கு வருகிறது. குடாநாட்டு ஆசிரியர்கள் இப்போதே தொடங்கலாம். இரண்டு பஞ்சாங்கத்தையும் எடுத்து வைத்து, தொடக்கமும் முடிவும் எத்தனை மணிக்கு என்று பிள்ளைகளைக் கொண்டே குறிக்கச் செய்யுங்கள். கணித வகுப்பில் அவர்களே தனியாகக் கணிக்கட்டும். அன்றைக்குத் தகுந்த சூரியக் கண்ணாடியோடு மைதானத்துக்குக் கூட்டிவந்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். யாருடைய கணக்கு எத்தனை நிமிடம் பிசகியது என்பதை அராலிப் பிள்ளையும் வட்டுக்கோட்டைப் பிள்ளையும் காரைநகர்ப் பிள்ளையும் தங்கள் கொப்பியில் தாங்களே எழுதட்டும்.